பார்க்கும்போதே கை தயாராகிறது

பட்டர்வொர்த்திலிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாடகப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். பஸ் பிடித்து, பாலம் தாண்டி, பினாங்குத் தீவில் ஒரு மேடை நாடகம் காட்டத்தான் வேண்டுமா? யூடியூப்பில் காட்டினால் போதாதா?"

கூட்டிப் போங்கள் டீச்சர்.

பிள்ளைகள் ஹேர்பேண்ட் போடும் இடத்துக்குக் கீழே, மூளையில் உடலை அசைக்கும் பட்டை ஒன்று இருக்கிறது. தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து ஒரே ஒரு கணம் இயக்கினால், மண்டையோட்டைத் தாண்டி உள்ளே சின்ன மின்னோட்டம் பிறக்கும். ஐந்தாம் படிவத்தில் படித்தோமே, அதே மின்காந்தத் தூண்டல்தான். சுருளைச் சரியான புள்ளியில் வைத்தால் முன்கைத் தசை தானாகச் சுண்டும். பெரும்பாலும் வலிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது: அந்தச் சுண்டல் எப்போதும் ஒரே அளவில் இருக்காது. மூளை கையை அசைக்க ஏற்கெனவே தயாராகி நின்றால், அதே காந்த விசைக்குத் தசை பலமாகச் சுண்டும். ஆக, அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உடல் உள்ளுக்குள் எவ்வளவு ஆடுகிறது என்பதை அளந்துவிடலாம்!

2012இல் வெளியான ஓர் ஆய்வில், பாலே, இந்திய நடனம், நடிப்பு ஆகியவற்றை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் இப்படி அளந்தார்கள். பாலே பார்த்துப் பழகியவர்கள் அதை ஆடப் பயின்றவர்கள் இல்லை. ஆனாலும் பாலே நடக்கும்போது அவர்கள் கை, மற்ற இரண்டையும் பார்த்தபோது சுண்டியதைவிடப் பலமாகச் சுண்டியது. பார்த்துப் பார்த்தே உடல் பழகியிருக்கிறது.

போன வருடம் அக்கா மகளுடன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் அம்மா வேடம் போட்டவர் வசனத்துக்கு முன் மூச்சை இழுத்தார், தோள் உயர்ந்தது. பக்கத்தில் இவள் தோளும் உயர்ந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

2005இல் லண்டன் ஆய்வாளர்கள் பாலே கலைஞர்களையும் கப்போயெரா என்ற பிரேசில் நாட்டுச் சண்டை ஆட்டம் ஆடுபவர்களையும் மூளை ஸ்கேனரில் படுக்கவைத்து இரண்டு ஆட்டங்களையும் காட்டினார்கள். தான் பயின்ற ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் அவரவர் மூளையின் அசைவுப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. அதனால் ஒத்திகை தொடங்குமுன் கூட்டிப் போகாதீர்கள். வசனம் பாதி மனப்பாடமாகி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிள்ளைகள் தவிக்கும் வாரத்தில் கூட்டிப் போங்கள்.

சரி, யூடியூப்? அமெரிக்காவில் ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை நாடகத்துக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குக் கதையும் சொற்களும் நன்றாகப் பதிந்தன. பிறர் நிலையில் நின்று யோசிப்பதும் கூடியது. அதே கதையைத் திரைப்படமாகப் பார்த்தவர்களிடம் இந்தப் பலன் தெரியவில்லை.

பினாங்குக்கு இது பழைய கதை. 1870களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்து ஆடின. பார்த்தவர்கள் பாட்டையும் நடையையும் பிடித்துக்கொண்டார்கள். 1885இல் இங்கேயே பங்சாவான் என்ற மலாய் இசை நாடகத்தின் குழு பிறந்தது. ஆனால் இன்றும் நம்மில் பலர், "நடிப்பு ரத்தத்தில் இருக்கணும், ஜாதகத்தில் இருக்கணும்" என்று சொல்லி, கூச்சப்படும் பிள்ளையைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. கூத்தும் பறையும் பார்க்கும் நம் பிள்ளைகளின் கை எப்படிச் சுண்டுகிறது என்று அளக்க இங்குள்ள பல்கலைக்கழகங்கள் மானியம் ஒதுக்கட்டும்.

அப்புறம் டீச்சர், டிக்கெட் எடுக்கும்போது முன்வரிசையாகக் கேளுங்கள். மூச்சு இழுப்பது அங்கிருந்துதான் தெரியும்.