ரயில் பொதுச்சொத்து, சரி. பெட்டி யாருடையது?

ரயில் பெட்டிப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், "ரயில்வேயைத் தனியாருக்கு விற்கப் போகிறார்களாமே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நிலையம், தண்டவாளம், டிக்கெட் கட்டணம் இவற்றை மனதில் வைத்துக் கேட்கிற கேள்வி அது. தாங்கள் படுத்து வந்த பெட்டி யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அது ரயில்வேயின் பெயரில் இல்லாமலே இருக்கலாம்.

1986 டிசம்பரில் ஐஆர்எஃப்சி என்று ஒரு நிறுவனத்தை மத்திய அரசு தொடங்கியது. முழுப்பெயர் இந்திய ரயில்வே நிதிக் கழகம். கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டி, அந்தப் பணத்தில் எஞ்சின், பெட்டி, வேகன் வாங்கி ரயில்வேக்குக் குத்தகைக்கு விடுவதுதான் அதன் வேலை. குத்தகைக் காலம் 30 ஆண்டுகள். முதல் 15 ஆண்டுகளில் அசலும் வட்டியும் போய்விடும். அடுத்த 15 ஆண்டுகளுக்குப் பெயரளவுக்கு ஒரு வாடகை. வீட்டுக்கடன் முடியும்வரை பத்திரம் வங்கியில் இருப்பது மாதிரி. 2021 ஜனவரியில் இந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. பெரும்பான்மைப் பங்கு அரசிடமே இருப்பதால் இதைத் தனியார்மயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'பொதுச்சொத்து' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பாருங்கள்.

இதே விஷயத்தைப் பிரிட்டன் வேறு மாதிரி செய்து, இன்னும் அதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 1990-களில் பிரிட்டிஷ் ரயிலைத் துண்டு போட்டபோது, பெட்டிகளை மட்டும் மூன்று குத்தகை நிறுவனங்களாகப் பிரித்து விற்றார்கள். அதில் ஒன்றான போர்ட்டர்புரூக் 1996-இல் சுமார் 52.7 கோடி பவுண்டுக்குப் போனது. அதே ஆண்டிலேயே 82.5 கோடி பவுண்டுக்கு மறுபடி கைமாறியது. 2024 நவம்பரில் பயணிகள் ரயில் சேவையைப் பொது உடைமையாக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. அந்தச் சட்டத்தின்படி முதலில் அரசு கைக்கு வந்தது சவுத் வெஸ்டர்ன் ரயில்வே, 2025 மே 25 அன்று. ஓட்டும் உரிமை வந்தது, பெட்டிகள் வரவில்லை. குத்தகை ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது, வாடகையும்தான். அந்த ரயில்வேக்காக 2017-இல் 90 புதிய ரயில்கள் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். 2019-இல் ஓட வேண்டியவை. மென்பொருள் கோளாறு, ஓட்டுநர் அறையின் வடிவமைப்பு, ஓட்டுநர் பயிற்சி என்று ஒவ்வொன்றாக இழுத்து, முதல் ரயில் பயணிகளோடு கிளம்பியது 2024 ஜனவரியில். அரசு பொறுப்பேற்றபோதும் 1980-களின் பழைய ரயில்கள்தான் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தன.

அங்கே உடைமை மாறியும் பெட்டி வரவில்லை. இங்கே உடைமை எப்போதோ அரசிடம் வந்துவிட்டது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியை 1944-இல் அரசு எடுத்துக்கொண்டது, 1951-இல் தெற்கு ரயில்வே பிறந்தது. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ஐசிஎஃப் என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து பெட்டியும் நாமே செய்கிறோம். அப்படியானால் நம் சிக்கல் என்ன?

முதல் சிக்கல் இரண்டு வகைப் பெட்டிகள். சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் வடிவமைப்பில் தொடங்கிய பழைய ஐசிஎஃப் பெட்டியை நீல நிறத்தில் பார்த்திருப்பீர்கள். ஜெர்மன் வடிவமைப்பான எல்எச்பி பெட்டி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. விபத்தில் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறாமல் தடுக்கும் நடு இணைப்பு அதில் இருக்கிறது, டிஸ்க் பிரேக் இருக்கிறது. எல்லாவற்றையும் எல்எச்பி-யாக மாற்ற வேண்டும் என்று 2012-இல் அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான ரயில் பாதுகாப்புக் குழு சொன்னது. பழைய வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் பெரம்பூரிலிருந்து வெளியேறியது. சரியான முடிவு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் பழைய பெட்டியின் ஆயுள் 25 ஆண்டு. ஆலை நிறுத்திவிட்டது என்பதற்காகத் தண்டவாளத்தில் இருப்பவை மறைந்துவிடாது.

இரண்டும் ஒன்றோடொன்று சேராது. பழைய பெட்டிக்குத் திருகு இணைப்பும் பக்கத்துக்கு ஒரு பஃபரும் (மோதலைத் தாங்கும் முட்டு). புதியதற்கு நடு இணைப்பு. ஒரு எல்எச்பி ரேக்கில், அதாவது ஒரு ரயிலாகக் கோத்த பெட்டித் தொகுப்பில், ஒரு பெட்டியை 'சிக்' (பழுது) என்று குறித்துக் கழற்றினால், யார்டில் சும்மா நிற்கும் ஐசிஎஃப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்ட முடியாது. ஆக ஸ்பேர் பெட்டி இரண்டு வகையிலும் வேண்டும். பிரேக் உதிரி, போகி (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) உதிரி, வேலை தெரிந்த ஆள் எல்லாமே இரட்டை. பெட்டி இருக்கிறது, ஆனால் அந்த ரயிலுக்கு ஆகாது. பயணிகளுக்கு இதைப் புரியவைப்பது பெரும்பாடு.

எல்எச்பி வந்ததும் 'பெட்டிகளைக் குறைத்துவிட்டார்கள்' என்று ஒரு புகார் கிளம்பியது. அது பாதி உண்மை. எல்எச்பி பெட்டி கிட்டத்தட்ட 2 மீட்டர் கூடுதல் நீளம். 24 பழைய பெட்டி நிற்கும் நடைமேடையில் இது 22-தான் நிற்கும். தூங்கும் வசதிப் பெட்டியில் பழையதற்கு 72 படுக்கை, புதியதற்கு 80. எல்லாம் ஸ்லீப்பராக இருந்தால் 1,728-க்குப் பதில் 1,760 வரும், நஷ்டமில்லை. ஆனால் குறைக்கிற இரண்டும் எந்த வகுப்புப் பெட்டி என்பதில்தான் வயிற்றெரிச்சல். முன்பதிவில்லாப் பெட்டியில் கை வைத்தால் அதில் பயணிப்பவருக்கு 80 படுக்கைக் கணக்கு எதற்கு?

அடுத்தது பிட் லைன். பெட்டிக்கு அடியில் ஆள் இறங்கி நின்று பார்க்கும்படி பள்ளம் வெட்டிய தண்டவாளம் அது. நீண்டதூர ரயில் தன் சொந்த டிப்போவுக்குத் திரும்பியதும் முதன்மைப் பராமரிப்புக்குச் சுமார் 6 மணி நேரம் அங்கே நிற்க வேண்டும். சக்கரம், ஸ்பிரிங், பிரேக், பேட்டரி, தண்ணீர், பயோ டாய்லெட் எல்லாம் அங்கேதான் பார்க்கப்படும். வண்டி நான்கு மணி நேரம் தாமதமாக வந்தால், கிளம்பும் நேரம் மாறாது; சுருங்குவது பிட் லைன் நேரம்தான். கோடைச் சிறப்பு ரயில்கள் அறிவிக்கப்படும்போது எல்லோரும் கைதட்டுவார்கள். எங்களுக்குத்தான் தெரியும், அந்தப் பெட்டிகள் வேறு ரயிலின் ஸ்பேரிலிருந்து எடுக்கப்பட்டவை என்று. வானத்திலிருந்தா வரும்?

வந்தே பாரத் போன்ற ரயில்களில் இது இன்னும் இறுக்கம். சாதாரண ரயிலில் கெட்ட பெட்டியைக் கழற்றிவிட்டு மற்றதை ஓட்டலாம். இதில் பெட்டிகள் எல்லாம் ஒரே உடம்பு. ஒன்று படுத்தால் முழு ரேக்கும் படுக்கும். மாற்று ரேக் இல்லாத தடத்தில் அன்றைக்குச் சாதாரண ரயில் பெட்டிகள் வந்து நிற்பதும், கூடுதல் கட்டணம் கட்டியவர் கொதிப்பதும் இதனால்தான்.

உதிரி விஷயத்தில் 2022 நல்ல பாடம். வந்தே பாரத்துக்கான சக்கரங்களை உக்ரைனில் ஆர்டர் செய்திருந்தோம். போர் வந்தது. தயாராகியிருந்த 128 சக்கரங்களைச் சாலை வழியாக ருமேனியாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் ஏற்றி வந்தார்கள். ரயில் சக்கரம் விமானத்தில்! பெட்டி ஐசிஎஃப்-இல் செய்தது, ஆலை அரசுடையது. ஆனால் ஃபோர்ஜ் செய்த, அதாவது காய்ச்சி அடித்து உருவாக்கிய, சக்கரம் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. பிறகு 20 ஆண்டு ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 80,000 சக்கரம் வரை கொடுக்கும்படி இரண்டு இந்தியத் தனியார் நிறுவனங்களின் கூட்டணிக்கு வேலை போனது. அதற்கான ஆலை கும்மிடிப்பூண்டியில். தனியார்தான், ஆனால் இந்த இடத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளூரில் சக்கரம் கிடைப்பது முக்கியம்.

தனியாரே ரயில் ஓட்டட்டும் என்ற முயற்சியும் நடந்தது. 2020 ஜூலையில் 109 தடங்களில் 151 ரயில்கள், 30,000 கோடி ரூபாய் முதலீடு, 35 ஆண்டு உரிமை என்று அறிவித்தார்கள். பெட்டி அவர்களே கொண்டுவர வேண்டும். ஆர்வம் காட்டியவர்கள் பலர். ஏலம் கேட்ட நேரத்தில் நின்றது ஓரிருவர்தான். 2021-இல் அந்தப் பேச்சு அடங்கியது. புத்தம்புது ரேக்கை வாங்கி, பராமரித்து, 35 ஆண்டு ரிஸ்க்கையும் ஏற்க வேண்டும் என்றபோது தனியாரும் கணக்குப் போட்டுப் பின்வாங்கினார்கள்.

ஆகவே ஊருக்குப் புதிய ரயில் கேட்டு மனு எழுதுகிறவர்களிடம் நான் சொல்வது: ரயிலை மட்டும் கேட்காதீர்கள். ரேக் எங்கிருந்து வரும், முதன்மைப் பராமரிப்பு எந்த டிப்போ, அங்கே அந்த நீளத்துக்குப் பிட் லைன் காலியா, முன்பதிவில்லாப் பெட்டி எத்தனை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'ரயில் விடுங்கள்' என்ற மனுவுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிவிடலாம். பிட் லைன் பற்றிக் கேட்டால் யாராவது கோப்பைத் திறந்தே ஆக வேண்டும்.

அப்புறம், பயணத்தின்போது பெட்டியையே படிக்கலாம். வெளியே எழுதியிருக்கும் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது தயாரான ஆண்டு. 94 என்றால் 1994, 19 என்றால் 2019. பெட்டியின் முனைச் சுவரில் கடைசியாகப் பெரிய பராமரிப்பு நடந்த தேதியும், அடுத்து ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப வேண்டிய 'ரிட்டர்ன் டேட்'டும் எழுதியிருக்கும். பழைய பெட்டிகளுக்கு வழக்கமாக ஒன்றரை ஆண்டு இடைவெளி. அந்தத் தேதி தாண்டிய பெட்டியைப் பார்த்தால் படம் எடுத்து வையுங்கள்.

கழிவறைக் கதவு, ஏசி, விளக்கு எதுவானாலும் 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் புகார் சொல்லும்போது 'எஸ்5' என்று மட்டும் சொல்லாதீர்கள். எஸ்5 என்பது அன்றைய அட்டை. நாளை அதே பெட்டி வேறு ரயிலில் எஸ்9 ஆகப் போகும். அந்தப் பெயின்ட் எண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான், அதே கோளாறு மூன்றாம் முறை வரும்போது டிப்போவில் இருப்பவர் அதைப் பழைய புகாரோடு சேர்த்துப் பார்க்க முடியும்.