அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா?

வாக்காளர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தும், "பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்ற பதிலைக் கேட்டு வாக்குச்சாவடியிலிருந்து திரும்பிச் செல்பவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம். சென்ற தேர்தலில் இதே அட்டையைக் காட்டித்தானே வாக்களித்தேன் என்று அவர்கள் கேட்பது இயல்பே. ஆனால் சட்டப்படி வாக்களிக்கும் உரிமையைத் தருவது வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரே தவிர அட்டை அன்று. அட்டையின் வேலை ஆளை அடையாளம் காட்டுவது மட்டுமே. பட்டியலில் பெயர் இருந்தால், அட்டை தொலைந்திருந்தாலும் ஆதார், கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஏற்கப்பட்ட ஆவணங்களுள் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். பூத் சிலிப்பை மட்டும் காட்டி வாக்களிக்கும் வழக்கம் 2019 மக்களவைத் தேர்தலிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது.

மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் தேர்தல் நடத்துகிறது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்குத் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. ஆணையங்கள் இரண்டாக இருப்பதால் விண்ணப்பமும் இரண்டு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாகப் பெயர் சேர்க்கத் தேவையில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலையே எடுத்து வார்டு வாரியாகப் பிரித்து மாநில ஆணையம் பயன்படுத்துகிறது. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று கிராமத்து வாக்காளர் நான்கு வாக்குச் சீட்டுகளில் முத்திரை குத்துவதும் இந்த ஒரே பட்டியலின் அடிப்படையில்தான். அப்படிப் பிரிக்கும்போது ஒரு தெருவோ சில வீடுகளோ பக்கத்து வார்டில் போய்ச் சேர்ந்துவிடுவது உண்டு என்பதால், வார்டு பட்டியல் வெளியாகும்போது அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்தியக் குடிமகனாக இருத்தல், 18 வயது நிறைந்திருத்தல், அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருத்தல் ஆகிய மூன்றுமே அடிப்படைத் தகுதிகள். 21 ஆக இருந்த வயது வரம்பு, அரசமைப்புச் சட்டத்தின் 61ஆவது திருத்தத்தால் 1989இல் 18 ஆகக் குறைந்தது. ஆயினும் ஜனவரி 1 என்ற ஒரே நாளை வைத்து வயதைக் கணக்கிட்டதால், பிப்ரவரியில் 18 நிறைந்தவரும் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் உள்ளன. 2008 பிப்ரவரி 10 அன்று பிறந்தவர், பழைய விதிப்படி 2027 ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டியவர், இப்போது 2026 ஏப்ரல் 1ஐத் தகுதி நாளாகக் கொண்டு பட்டியலில் இடம்பெறலாம். 17 வயது முடிந்தவுடன் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

"வழக்கமாகக் குடியிருத்தல்" என்ற சொற்றொடரில்தான் குழப்பம் மிகுதி. சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கு குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார் என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. அதேபோல், சில காலம் வெளியூர் சென்றிருப்பதால் மட்டும் ஒருவர் தம் ஊரில் குடியிருக்கும் தகுதியை இழப்பதுமில்லை. இராமநாதபுரத்திலிருந்து வந்து குடும்பத்தோடு திருப்பூரில் பல ஆண்டுகளாக வாடகை வீட்டில் வாழும் பனியன் தொழிலாளிக்குத் திருப்பூரில் பெயர் சேர்க்க முழு உரிமை உண்டு. வீட்டு உரிமையாளரின் விருப்பு வெறுப்பு அதற்குக் குறுக்கே நிற்க முடியாது. வீடே இல்லாமல் நடைபாதையில் உறங்குபவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. அவர் குறிப்பிட்ட இடத்தில் உறங்குகிறாரா என்பதை, அந்த வாக்குச்சாவடிப் பகுதியின் பட்டியலைக் கவனிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) இரவில் சென்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பதே விதி. நம் தேர்தல் விதிகளில் மதிக்கத்தக்க விதிகளுள் ஒன்று இது.

முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர் படிவம் 6 கொடுக்க வேண்டும். வீடு மாறியவர், பெயரிலோ பிறந்த தேதியிலோ பிழை திருத்த விரும்புபவர், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை கேட்பவர் ஆகியோருக்குப் படிவம் 8. நடைமுறையில் மிகப் பரவலாக நிகழும் தவறு, வேறு தொகுதிக்குக் குடிபெயர்ந்தவர்கள் மீண்டும் படிவம் 6 கொடுப்பதே. அப்படிச் செய்தால் பழைய ஊரில் பெயர் அப்படியே இருக்க, புதிய ஊரிலும் ஒரு பெயர் சேர்ந்துவிடும். ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் இருப்பதைச் சட்டம் தடை செய்கிறது. வேறெங்கும் பெயர் இல்லை என்று தெரிந்தே பொய்யாக உறுதியளிப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமுமாகும். படிவம் 8 கொடுத்தால் பழைய இடத்தில் பெயர் நீங்கிப் புதிய இடத்தில் சேரும், அட்டை எண்ணும் மாறாது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ உண்டு. அவர்கள் வாக்களிக்க அசல் கடவுச்சீட்டுடன் நேரில் வரவேண்டும்.

வாக்காளர் சேவை இணையதளத்திலோ, தேர்தல் ஆணையத்தின் செயலியிலோ, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரிலோ கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். புகைப்படம், வயதுச் சான்று, முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். ஆதார் எண் தருவது கட்டாயமன்று. விண்ணப்பித்தவர்களின் விவரம் ஆட்சேபத்துக்காக வெளியிடப்பட்டு, ஏழு நாள் கழிந்த பிறகே வாக்காளர் பதிவு அலுவலர் முடிவெடுக்கிறார் என்பதால், தேர்தல் அறிவித்த பின் அவசரமாக விண்ணப்பிப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் எவரையும் சேர்க்கவோ நீக்கவோ சட்டம் இடமளிப்பதில்லை.

முன்பு பெயர் இருந்ததே என்ற நம்பிக்கையும் போதாது. தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.) வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்துத் திரும்பப் பெற்று, டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியிட்டார்கள். இறப்பு, இடமாற்றம், இரட்டைப் பதிவு உள்ளிட்ட காரணங்களைக் காட்டி அதில் விடுபட்ட பெயர்கள் சுமார் 97 லட்சம். ஆகவே அட்டை எண்ணைக் கொண்டு இணையதளத்தில் தேடி, சட்டமன்றத் தொகுதி, பாகம் எண் (வாக்குச்சாவடிப் பகுதிக்கான எண்), வரிசை எண் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் இல்லையென்றால் மீண்டும் விண்ணப்பிக்கலாம். குடிபெயர்ந்துவிட்டார் அல்லது தகுதியில்லாதவர் என்ற காரணத்தால் ஒருவர் பெயரை நீக்குவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வாய்ப்பளிக்க வேண்டியது பதிவு அலுவலரின் கடமை. அலுவலரின் முடிவில் உடன்பாடு இல்லாதவர் 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் தீர்வு கிடைக்காவிடில் 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். எந்த அலுவலகத்தை அணுகுவது என்ற ஐயம் இருப்பின் 1950 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.