மழைக்காட்டுக்குக் கன்று அனுப்ப நினைப்பவர்களுக்கு

ஜூன் மாதம் பிறந்தால் போதும், என் போன் ஓயாது. கோயம்புத்தூர், திருப்பூர், சில சமயம் சென்னையிலிருந்தும் கூப்பிடுவார்கள். "சார், 5,000 கன்னு ரெடியா இருக்கு, வேன் பிடிச்சு நாங்களே கொண்டுவந்துடுறோம், நீங்க இடத்த மட்டும் காட்டுங்க." என்ன கன்று என்று கேட்டால் புங்கன், வேம்பு, மே ஃபிளவர் என்று வரும். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்பதைப் போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது வால்பாறையில், மழைக்காட்டு மரங்களை வளர்க்கும் ஒரு நாற்றங்காலில். பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் முதலில் சொல்வது, "அடடா, என்ன பசுமை!" என்பதைத்தான். அந்தப் பச்சை தேயிலை. நடுநடுவே நெடுநெடுவென்று நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். 1890களில் தொடங்கி, சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் இருந்த மழைக்காட்டைப் படிப்படியாக வெட்டித்தான் இந்தத் தோட்டங்கள் வந்தன. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால் என்று காடு இருக்கிறது. நடுவில் மிஞ்சியிருப்பவை துண்டுகள். ஓடைக்கரையில் ஒன்றிரண்டு ஏக்கர், சரிவில் கொஞ்சம், சில இடங்களில் நூறு இருநூறு ஏக்கர். பார்க்கப் புதர் மாதிரி இருக்கும், ஆனால் எங்கள் நாற்றங்காலுக்கு வரும் விதையில் பெரும்பகுதி அந்தப் புதரிலிருந்தும் அதை ஒட்டிய சாலையோரத்திலிருந்தும்தான் வருகிறது.

விதை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் சமவெளியில் பிறந்தவன், கத்தரி விதையும் வெண்டை விதையும் வெயிலில் காயவைத்து டப்பாவில் எடுத்துவைக்கும் வீட்டில் வளர்ந்தவன். இங்கே வந்த முதல் வருஷம், மழையில் நனைந்து மூன்று நாள் பொறுக்கிய ஒரு சாக்கு வெடிப்பலா விதையை அதே நினைப்பில் உலர வைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். ஈரமான தரையில் விழுந்து உடனே முளைக்கவேண்டிய விதை அது. விதை வங்கியில் போட்டுப் பத்து வருஷம் கழித்து எடுக்கலாம் என்ற பேச்சே கிடையாது. தாய்மரம் நின்றால்தான் விதை, மரம் போனால் அந்தச் சரிவில் அந்த வகையே போயிற்று. இப்போதெல்லாம் பொறுக்கிய அன்றோ மறுநாளோ விதைத்துவிடுகிறோம், அப்புறம் ஒன்றிரண்டு வருஷம் பையில் வளர்த்துத்தான் நடுகிறோம்.

வெடிப்பலாவைப் பார்த்திருக்கிறீர்களா? பழம் ஒரு முள்ளுருண்டை, துரியனுக்கு உறவு. பூ, கிளையோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். காட்டில் வேறு பழம் குறைவாக இருக்கும் கோடையில் சோலைமந்தியும், அதாவது சிங்கவால் குரங்கும், கருமந்தியும் மலை அணிலும் வௌவாலும் அந்தப் பூவைத் தின்றுதான் காலம் தள்ளுகின்றன. சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது, காட்டில் மிச்சமிருப்பது சுமார் 4,000 என்பது மதிப்பீடு. அந்த இடத்தில் 5,000 மே ஃபிளவர் நட்டு என்ன செய்ய?

பெரிய இருவாச்சிப் பறவையும் அப்படித்தான். பெட்டை பெருமரத்துப் பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிளவு மட்டும் விட்டு மூன்று மாதத்துக்கு மேல் உள்ளேயே இருக்கும். ஆண்தான் அத்தனை நாளும் பழம் கொண்டுவந்து ஊட்டவேண்டும். அத்தி, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் என்று விதவிதமாகக் கொண்டுவரும். கூட்டு மரத்தின் அடியில் போய்ப் பார்த்தால், கழுவித் துடைத்த மாதிரி விதைகள் சிதறிக் கிடக்கும். முதல் முறை பார்த்தபோது நான் வெகுநேரம் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். காடு வளர்க்கும் வேலையை எங்களுக்கு முன்னாலிருந்தே செய்துவருகிற பறவை அது. அதற்குக் கூடு வைக்கப் பொந்துள்ள முதிய மரம் வேண்டும். நாங்கள் நடுகிற கன்று அந்தப் பருமன் ஆக இன்னும் எத்தனையோ தலைமுறை ஆகும். அதனால் நிற்கிற கிழட்டு மரத்தை விடுங்கள் என்று எஸ்டேட்டில் கெஞ்சுவதும் எங்கள் வேலையில் பாதி.

மீதிப் பாதி களையெடுப்பு. காப்பித் தோட்டத்திலிருந்து ரொபஸ்டா காப்பி தானாகவே காட்டுத் துண்டுக்குள் இறங்கிவிடுகிறது. பழத்தைத் தின்கிற விலங்குகளே விதையைக் கொண்டுபோகின்றன. உண்ணிச்செடி வெயில் விழுகிற ஓரமெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்த குடைமரம் இன்னொன்று. அதன் பழத்தை இருவாச்சியும் குரங்கும் விரும்பித் தின்னும், அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்க்கவும் மனம் வராது. பக்கத்தில் நம் ஊர் மரம் காய்க்கும் நிலைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவேண்டும் என்பது என் கருத்து. நட்ட கன்றைச் சுற்றி முதல் இரண்டு மூன்று வருஷமாவது திரும்பத் திரும்பக் களை எடுக்காவிட்டால் கொடி மூடிவிடும். கன்று நடுகிற நாளில் போட்டோ எடுக்க நாற்பது பேர் வருவார்கள். களையெடுக்க, எங்களோடு வேலை செய்யும் ஐந்து அக்காக்களும் அட்டைகளும்தான்.

இதெல்லாம் பலன் தருமா என்றால், தருகிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2000களின் தொடக்கத்திலிருந்து எஸ்டேட் கம்பெனிகளோடு சேர்ந்து இங்கே சிதைந்த காட்டுத் துண்டுகளை மீட்டுவருகிறது. அப்படி மீட்ட இடங்களையும் சும்மா விட்ட இடங்களையும் ஒப்பிட்ட ஆய்வில், மீட்ட இடங்களில் மர அடர்த்தியும் வகைகளும் மரத்தில் சேரும் கார்பனும் கூடுதலாக இருந்தன. பெருங்காட்டிலிருந்து விலகித் தனியாகக் கிடக்கும் துண்டுகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. பெருங்காட்டை ஒட்டிய இடத்துக்கு விதை தானாக வரும், தனித்துண்டுக்கு யாராவது கொண்டுபோய்த்தான் சேர்க்கவேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வால்பாறைக்கு வந்தால் புதுத்தோட்டம் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். சோலைமந்திகள் சாலையைக் கடக்க மேலே கிளைக்குக் கிளை பாலம் கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் அவை தரைக்கு இறங்குகின்றன. இறங்கக் காரணம் பிஸ்கட்டும் சிப்ஸும் குப்பையும்தான். ஒரு பாக்கெட்டைக்கூட ஜன்னல் வழியாக நீட்டாதீர்கள், பக்கத்து வண்டிக்காரர் நீட்டினால் அவரிடமும் சொல்லுங்கள். மழை இரவில் தவளையும் பாம்பும் சாலையில் இருக்கும், முடிந்தால் இருட்டுவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். எஸ்டேட்டில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், ஓடைக்கரை மரங்களை வெட்டாமல் விடச் சொல்லுங்கள்.

புங்கனையும் வேம்பையும் உங்கள் ஊரிலேயே நடுங்கள், அங்கே அவை நன்றாக வரும். மழை விட்டதும் நவம்பர், டிசம்பரில் களையெடுப்பு இருக்கும். முழுக்கைச் சட்டையும் அரிவாள் பிடிக்கப் பழகிய கையுமாக நான்கு பேர் வந்தால் போதும், வேன் நிறையக் கன்றைவிட எனக்கு அது பெரிய உதவி.