கழுத்துக் குழாயின் வாயில் 15 விநாடி

டயாலிசிஸ் கட்டிலில் படுக்கும்வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், இயந்திரம் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்கு நடுங்குவார். போர்வைமேல் போர்வை போட்டாலும் அடங்காது. ஏசி குளிர் என்று இதை விட்டுவிடக் கூடாது. கழுத்தில் டயாலிசிஸுக்கான குழாய் (கதீட்டர்) இருப்பவருக்குக் குளிர் நடுக்கம் வந்தால், ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டில் வராத நடுக்கம் இங்கே வருவானேன்? கழுத்துச் சிரை வழியாக இறங்கும் அந்தக் குழாயின் நுனி, இதயத்தின் வலது மேலறையை ஒட்டி நிற்கிறது. குழாயின் உட்சுவரில் முதலில் ரத்தப் புரதங்கள் ஒட்டுகின்றன. அதன்மேல் குடியேறும் கிருமிகள், குளத்துப் படியில் பாசி பிடிப்பதுபோல வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. இயந்திரம் நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் வரை ரத்தத்தை இழுத்துத் திருப்பி அனுப்பும்போது, அதில் ஒரு துணுக்கு பெயர்ந்தால் போய்ச் சேரும் இடம் இதயம். படலத்துக்குள் பதுங்கிய கிருமியை ஆன்டிபயாடிக் எளிதில் கொல்வதில்லை. அதனால்தான் பல நேரங்களில் குழாயையே எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

நீண்ட காலக் குழாயில், தோலுக்கடியில் ஒரு சிறு துணிப்பட்டை உண்டு. சில வாரங்களில் சதை அதைப் பற்றி வளர்ந்து, தோல் வழியாக வரும் கிருமிகளுக்குத் தடையாகிறது. மிஞ்சியிருக்கும் பெரிய வழி, குழாயின் சிவப்பு, நீல வாய்கள். வாரம் 3 முறை டயாலிசிஸ் என்றால் ஆண்டுக்கு 156 முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு வாய்களையும் இணைக்கும்போதும் கழற்றும்போதும் திறக்க வேண்டும். 600 தடவைக்கு மேல் கதவு திறக்கிறது. ஒரு தடவை அசந்தாலும் போதும்.

ஆகவே அந்தச் சில விநாடிகளைத்தான் நான் உயிராக நினைக்கிறேன். குழாயை இறுக்கி அடைக்கும் கிளாம்ப் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று உள்ளே போகும். மூடியைத் திருகி எடுத்ததும், குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் பஞ்சால் வாயின் விளிம்பையும் மரைகளையும் 10 முதல் 15 விநாடி அழுத்தித் தேய்க்க வேண்டும். மரையிடுக்கில் கடுகளவு காய்ந்த ரத்தம் ஒட்டியிருக்கும். அதுவும் வர வேண்டும். பிறகு தானாக உலர விட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடே இணைத்தால் மருந்து முழுதாக வேலை செய்திருக்காது. செவிலியர், நோயாளி இருவருக்கும் முகக்கவசம் வேண்டும், ஏனென்றால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பலருடைய மூக்கில் சத்தமில்லாமல் வசிக்கும் கிருமி.

டயாலிசிஸ் முடிந்ததும் குழாயில் நிரப்பும் ஹெபாரின், ரத்தம் உறையாமல் காக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. கிருமியைக் கொல்லும் டாரோலிடினையும் ஹெபாரினையும் சேர்த்த கரைசலுக்கு அமெரிக்கா 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது.

ஆனாலும் குழாயே இல்லாதிருப்பதற்கு எதுவும் ஈடாகாது. கைத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா முறையை நியூயார்க் மருத்துவர்கள் 1966-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். சொந்த ரத்தக்குழாய் என்பதால் தொற்று மிகக் குறைவு. ஆனால் அது ஊசி தாங்கும் அளவுக்குத் தடிக்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். சிறுநீரகம் பழுதாகி வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே, பின்னால் ஃபிஸ்டுலா அமைப்பதற்காக, அதிகம் பயன்படுத்தாத கையில் ரத்தம் எடுக்கவோ டிரிப் ஏற்றவோ விடாதீர்கள். ஊசியோடு வருபவரிடம் புறங்கையைக் காட்டுங்கள்.