சிற்றூரில் முதியோர் இல்லம்: எத்தனை படுக்கை போடலாம்?

ஊரில் 60 வயது தாண்டியவர்களை எண்ணி, அதில் ஏதோ ஒரு விழுக்காட்டைப் போட்டுப் படுக்கைக் கணக்கு எழுதுவது உண்டு. அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்த்துப்போகும். 65 வயதுக்காரர்களில் பெரும்பாலானோருக்குப் பிறர் உதவி தேவைப்படுவதில்லை. 80-ஐக் கடந்தவர்களைத் தனியாக எடுத்து, வீட்டாரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இரவில் கழிப்பறைக்குப் போக இன்னொருவர் எழுந்து வர வேண்டியிருக்கிறதா? பகல் உதவியை வீட்டுக்கு வந்துபோகும் பணியாளரைக் கொண்டே சமாளித்துவிடலாம். பார்த்துக்கொள்பவரை ஓயவைப்பது இரவுத் தூக்கம் கெடுவதுதான்.

காத்திருப்போர் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெயர் கொடுத்தவர்கள் அதில் நிறைய. அடுத்த ஊர்ப் பட்டியலிலும் அதே பெயர்கள் இருக்கும். இந்த வாரமே இடம் தந்தால் வருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், பட்டியல் சுருங்கிவிடும்.

ஆண்டுக்கு 5 பேர் சேர்ந்து, சராசரியாக 2 ஆண்டு தங்கினால் 10 படுக்கை தேவை. ஆனால் இவ்வளவு சிறிய எண்ணில் ஏற்ற இறக்கம் அதிகம். ஒரு சமயம் 7 பேர் இருப்பார்கள், இன்னொரு சமயம் 13 பேர் கேட்பார்கள். 10-ல் ஓர் அறை காலியாகக் கிடந்தால் வருவாயில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அதனால் 8 படுக்கையை நிரந்தரத்துக்கு வைத்து, மீதி 2-ஐ மருத்துவமனையிலிருந்து திரும்புவோருக்கும் குடும்பத்தார் தாங்கள் ஓய்வெடுப்பதற்காகச் சில நாள் விட்டுச்செல்லும் முதியோருக்கும் ஒதுக்குவது நல்லது.

கட்டடத்துக்குப் பணம் எப்படியாவது திரண்டுவிடும். ஆள்தான் கிடைக்காது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால், இரவு பகலாக ஒரே ஓர் ஆள் இருக்கவே 4.2 பேர் வேண்டும். விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் 5. எழுந்திருக்க முடியாதவரைப் புரட்டவும் தூக்கவும் இருவர் தேவை, ஆக 10. படுக்கை 6 ஆனாலும் 12 ஆனாலும் இந்த எண்ணிக்கை குறைவதில்லை. மிகச் சிறிய இல்லங்கள் மூடப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏற்கெனவே இரவுப் பணி நடக்கும் மருத்துவமனை அருகில் இருந்தால், அதே வளாகத்தில் கட்டி ஆளையும் சமையலறையையும் சலவையையும் பகிர்ந்துகொள்ளலாம்.

வரைபடம் வந்ததும் கதவின் திறப்பு 90 செ.மீ. இருக்கிறதா, சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் கிடைக்கிறதா, கட்டிலின் இரு பக்கமும் ஆள் நிற்க முடிகிறதா என்று அளந்து பாருங்கள். பணியாளர் இருக்கையிலிருந்து வாசல் தெரிய வேண்டும். மறதிநோய் உள்ளவர்கள் கிளம்பிவிடுவது அந்த வழியாகத்தான். இரண்டு அறைகளுக்கு நடுவே மட்டும் ஓர் இணைப்புக் கதவு வையுங்கள். தம்பதி வந்தால் திறந்துகொள்ளலாம், மற்ற நாட்களில் பூட்டினால் தனித்தனி அறைகள். கட்டி முடித்தபின் அந்தச் சுவரை உடைப்பதென்றால் செலவு பல மடங்கு.