உங்களுக்குள் யார் முன்னால் நிற்கிறார்?

"எனக்கு இந்தக் கோபமே வேண்டாம் மேடம். எப்படியாவது எடுத்துடுங்க."

ஆலோசனை அறையில் நான் அதிகம் கேட்ட வேண்டுகோள் இதுதான். கோபம் என்ற இடத்தில் சிலர் பயத்தைச் சொல்வார்கள், சிலர் அழுகையை, சிலர் வேலையைத் தள்ளிப்போடும் பழக்கத்தை. சொத்தைப் பல்லைப் பிடுங்குவது போல அந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டால் மீதி மனம் அமைதியாகிவிடும் என்று நம்புகிறார்கள். மனநல ஆலோசகராகப் பயின்ற தொடக்க ஆண்டுகளில் நானும் அப்படித்தான் நம்பினேன். பிடுங்கப் பிடுங்க அது வேறொரு இடத்தில் முளைப்பதைப் பல பேரிடம் பார்த்த பிறகே அந்த நம்பிக்கையைக் கைவிட்டேன்.

நம் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். "ஒரு மனசு போகச் சொல்லுது, இன்னொரு மனசு வேண்டாங்குது" என்கிறோம். அகப்பாடல்களில் தலைவி தன் நெஞ்சை எதிரில் நிற்கும் ஆளாகப் பாவித்து அதனோடு வாதாடுவாள், கெஞ்சுவாள், ஊடவும் செய்வாள். மனம் ஒற்றைக் குரலில் பேசுவதில்லை என்பது இந்த மொழிக்குப் புதிய செய்தியே இல்லை.

அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில் இதையே தன் நோயாளிகளிடமிருந்து கற்றார். அளவுக்கு மீறி உண்டு, பின் வாந்தியெடுக்கும் கோளாறு உள்ள இளம் பெண்கள் அவரிடம் வந்தார்கள். தங்களுக்குள் திட்டும் ஒரு பகுதி, அந்தத் திட்டில் சுருங்கிப்போகும் ஒரு பகுதி, அந்த வலியை மறக்க உணவை நோக்கி ஓடும் ஒரு பகுதி என்று அவர்களே பிரித்துச் சொன்னார்கள். முதலில் அவரும் அந்தப் பகுதிகளோடு மல்லுக்கு நின்றார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண்ணின் அந்தப் பகுதியை, இனி செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும்வரை விடாமல் நெருக்கினார். அடுத்த முறை அவள் இன்னும் மோசமான காயத்தோடு வந்தாள். அப்போதுதான் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஏன் இதைச் செய்கிறாய் என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். சிறு வயதில் அவள் அனுபவித்த கொடுமையைத் தாங்க அந்தப் பகுதி எப்படி உதவியது என்ற கதை வெளியே வந்தது. 'இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்' (மனதின் பகுதிகளை உள்ளே வாழும் ஒரு குடும்பமாகப் பார்ப்பது) என்று இன்று அழைக்கப்படும் முறை, அப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து வளர்ந்தது.

அந்த முறையின்படி நமக்குள் மூன்று வகைப் பொறுப்புகள் உண்டு. அவமானமும் பயமும் சுமந்து, பார்க்கப்படாமல் ஒதுக்கப்பட்ட இளம் பகுதிகள் ஒரு பக்கம். அவை விழித்துக்கொள்ளாதபடி முன்கூட்டியே எல்லாவற்றையும் கட்டுக்குள் வைக்கும் நிர்வாகிகள் இன்னொரு பக்கம்: குறை சொல்லும் குரல், எல்லோரையும் திருப்திப்படுத்தும் குணம், ஓயாத திட்டமிடல். மீறி விழித்துக்கொண்டால், விளைவைப் பற்றி யோசிக்காமல் நெருப்பை அணைக்க ஓடிவருபவர்கள் மூன்றாம் வகை. வெடிக்கும் கோபம், குடி, விடிய விடிய கைபேசி எல்லாம் இவர்கள் வேலை.

இவை எதுவும் இல்லாத இன்னொன்றும் நமக்குள் இருக்கிறது. ஷ்வார்ட்ஸ் அதைச் சுயம் என்றார். அமைதி, ஆர்வம், கருணை, தெளிவு, துணிவு, தன்னம்பிக்கை, படைப்பூக்கம், பிணைப்புணர்வு என எட்டுக் குணங்களை அதன் அடையாளமாகச் சொன்னார். என் அனுபவத்தில் இவற்றுள் நம்பத் தகுந்த அடையாளம் ஆர்வம்தான். அமைதியாக இருப்பது போல நடிக்கலாம், கருணையாகப் பேசலாம். தன்னைத் துன்புறுத்தும் ஒன்றைப் பார்த்து "நீ யார், எப்போதிலிருந்து இங்கே இருக்கிறாய்?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புவதை நடிக்க முடிவதில்லை.

பலரிடம் கண்டதை ஒருவரின் கதையாகச் சேர்த்துச் சொல்கிறேன். நாற்பதுகளில் ஒரு பெண். எந்தக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்தாலும் இரவெல்லாம் "உளறிட்டே, எல்லாரும் சிரிச்சிருப்பாங்க" என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரலைக் கண்மூடிக் கவனிக்கச் சொல்லிவிட்டு, "அது மேல இப்போ உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். இந்த முறையில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

"எரிச்சலா இருக்கு. கழுத்தைப் பிடிச்சுத் தள்ளணும் போல இருக்கு."

அந்த எரிச்சலும் ஒரு பகுதிதான். இத்தனை ஆண்டு திட்டு வாங்கியதற்கு அது கோபப்படுவது நியாயம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எங்களைப் பேச விடுமா என்று அதனிடம் கேட்கச் சொன்னேன். தள்ளியது. அடுத்து ஒரு பயம் வந்தது, குரலை நெருங்கினால் இன்னும் உரக்கத் திட்டுமோ என்று. அதையும் கேட்டோம். இப்படி அரைமணி நேரம் போயிருக்கும். பிறகு மறுபடி அதே கேள்வி. அவர் முகம் தளர்ந்தது. "பாவமா இருக்கு மேடம். ரொம்பக் களைச்சுப்போன மாதிரி இருக்கு."

இந்த இடத்தில்தான் சுயம் முன்னால் வந்திருக்கிறது. யாரும் அதை உருவாக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள், அவ்வளவுதான்.

இந்த வேலையை விட்டுவிட்டால் என்ன ஆகிவிடும் என்று அந்தக் குரல் பயப்படுகிறது என்று கேட்டோம். "வகுப்புல நடந்த மாதிரி மறுபடியும் நடக்கும்" என்று பதில். இப்போது உங்களுக்கு எத்தனை வயது என்று அது நினைக்கிறது? நீண்ட மௌனத்துக்குப் பிறகு சொன்னார்: "ஒன்பது." சொல்லிவிட்டு அழுதார். ஒரு சிறுமியைப் பார்த்து மறுபடி யாரும் சிரித்துவிடக் கூடாதென்று, மற்றவர் திட்டுவதற்கு முன் தானே திட்டிக் காவல் காத்திருக்கிறது அந்தக் குரல். அவள் வளர்ந்துவிட்டாள் என்று அதற்கு யாருமே சொல்லவில்லை.

நான் கவலைப்படும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அமைதியைப் பற்றிப் படித்துவிட்டு, அமைதியாக இருந்தே ஆகவேண்டும் என்று தன்னை நெருக்குபவர்கள் நிறைய வருகிறார்கள். தினமும் தியானம் செய்பவர், குரலை உயர்த்தாதவர், ஆனால் மனைவி அழும்போது "இதுக்கெல்லாம் ஏன் உணர்ச்சிவசப்படறே?" என்று கேட்பவர். அவரிடம் இருப்பது நல்ல உடை உடுத்திய ஒரு நிர்வாகி. அடையாளம் காண்பது கடினமில்லை: தாடை இறுகியிருக்கும், மூச்சு மேலேயே நிற்கும், எதிரில் இருப்பவரின் வலியைச் சீக்கிரம் முடித்துவைக்கும் அவசரம் இருக்கும். சுயத்தின் அமைதியில் அந்த அவசரம் இருக்காது. அந்த இடத்திலிருந்து கண்டிப்பாக "முடியாது" என்றும் சொல்லலாம். கருணை என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று எண்ணிப் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

அன்றாடம் தொடங்க நம் இலக்கணமே கைகொடுக்கும். "எனக்குக் கோபம் வருகிறது" என்கிறோம். வருவது கோபம், வந்ததைக் காண்பவர் நீங்கள். அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். உடம்பில் எங்கே வருகிறது? நெஞ்சிலா, தொண்டையிலா, வயிற்றிலா? உள்ளே இழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கட்டும், இதயத் துடிப்பின் வேகம் தணிய அது உதவும். பிறகு, அதன் மீது எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நட்பாக வேண்டியதில்லை.

ஆதாரம் என்ன என்று கேட்பவர்களுக்கு: 2013இல் வெளியான ஓர் ஆய்வில், முடக்குவாத மூட்டழற்சி உள்ள 79 பேரில் ஒரு குழுவுக்கு 9 மாதம் இந்த முறையிலும், மற்றொரு குழுவுக்கு நோய் பற்றிய கல்வியாகவும் உதவி தரப்பட்டது. முதல் குழுவினருக்கு வலியும் மனச்சோர்வும் குறைந்தன, தம்மீதான கருணை கூடியது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் இதுபோன்ற ஆய்வுகள் இன்னும் குறைவே, எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம், தன்னைக் காயப்படுத்தும் பழக்கம், வெளியிலிருந்து கேட்பது போன்ற குரல்கள் இருப்பவர்கள் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுவயதுக் கொடுமைகளின் கதவைத் தனியாகத் திறக்கவும் வேண்டாம். காவலர்கள் அங்கே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்தவரை உள்ளே அழைக்கும் முன் கதவுப்பிடியில் கை வைத்து நானும் ஒரு நொடி நிற்பேன். இவர் இன்றே சரியாகிவிட வேண்டும் என்று துடிக்கும் ஒன்று பெரும்பாலும் எனக்குள் இருக்கும். நல்ல எண்ணம்தான், ஆனால் அது பேச ஆரம்பித்தால் வந்தவர் பேச இடமிருக்காது. கொஞ்ச நேரம் பின்னால் இரு என்று சொல்வேன். சில நாள் கேட்கும். கேட்காத நாளில் இன்னும் இரண்டு மூச்சு நின்றுவிட்டுக் கதவைத் திறப்பேன்.