தோசை இல்லையென்றால் இடியப்பம்: விருப்பு வாக்கு பற்றிக் கடைசியாக ஒருமுறை

போன கிழமை ஒரு அந்திரட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். இலையில் இரண்டாம் தரம் சோறு விழும் நேரம், பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் என் காதுப் பக்கம் சரிந்தார்.

"தம்பி, நீர் எண்ணப் போற ஆள்தானே. ஒளிக்காமச் சொல்லும். போன சனாதிபதித் தேர்தல் முடிவை இரவோட இரவா மாத்தித்தானே விட்டவங்கள்? இல்லாட்டி என்னத்துக்கு ரெண்டாந்தரம் எண்ணினவங்கள்?"

வாழ்நாள் முழுக்க ஊரார் காசை எண்ணியவர் கேட்கிறார். பருப்பைப் பிசைந்துகொண்டு "இல்லை அண்ணை, அது சட்டத்திலேயே இருக்கு" என்றேன். நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2024 செப்டெம்பரில் இலங்கையில் நடந்த சனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு இதே கேள்வியை பஸ்ஸில், பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில், பல் வைத்தியரின் கதிரையில் வாய் திறந்தபடி இருக்கும்போதுகூடக் கேட்டுவிட்டார்கள்.

1999இலிருந்து தேர்தல் கடமைக்குப் போகிறேன். வாக்கெடுப்பு நிலையத்தில் தொடங்கி இப்போது எண்ணும் நிலையத்தில் நிற்கிறேன். இங்கே எழுதுவது என் சொந்தக் கருத்து. தேர்தல் ஆணைக்குழுவின் பேச்சாளர் நானில்லை.

முதலில் அந்த இரண்டாந்தரம். 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க சனாதிபதித் தேர்தல்கள் சட்டத்தில் இருக்கும் ஏற்பாடு அது. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எவருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் போட்டியிலிருந்து நீங்குவார்கள். அப்படி நீங்கியவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மட்டும் திரும்ப எடுத்து, வாக்காளர் 2 என்று யாருக்குப் போட்டிருக்கிறார், 3 என்று யாருக்குப் போட்டிருக்கிறார் என்று பார்ப்போம். 1982இலிருந்து 2019 வரை எட்டுச் சனாதிபதித் தேர்தல்கள் நடந்தும் இதற்குத் தேவை வரவில்லை. 1988இல் ரணசிங்க பிரேமதாச 50.43 சதவீதத்துடன் தப்பினார். 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29. நூலிழை. பயிற்சி வகுப்பில் விருப்பு வாக்குப் பகுதி எப்போதும் கடைசியில்தான் வரும், அந்த நேரம் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2024இல் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதத்தில் நின்றபோது, வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் எல்லோரும் ஓடிப்போய்க் கைநூலைத் தேடினோம்.

சாப்பாட்டுக் கடையில் இருந்துகொண்டு, "தோசை கொண்டா. தோசை முடிஞ்சுதெண்டா இடியப்பம். அதுவும் இல்லையெண்டா புட்டு" என்கிறீர்கள். தோசை இருந்தால் தோசை வரும். இடியப்பம் பற்றிச் சொன்னதைப் பரிமாறுபவர் மறந்துவிடுவார். இடியப்பமும் கேட்டீர்கள் என்பதற்காகத் தோசையில் கால்வாசியைக் கிள்ளி எடுக்கமாட்டார். தோசை இல்லாதபோதுதான் உங்கள் அடுத்த சொல்லுக்கு வேலை. விருப்பு வாக்கும் இவ்வளவுதான். 2 போடுவதால் உங்கள் 1 பலவீனப்படாது. உங்கள் 1 முதலிரண்டு பேரில் ஒருவருக்கு என்றால் உங்கள் 2ஐ யாரும் பார்ப்பதேயில்லை. உங்கள் 1 தோற்றுப்போனவருக்கு என்றால், 2ம் 3ம் போடாத சீட்டு அத்தோடு ஓய்ந்துவிடும். இதைப் படம் கீறியும் காட்டியிருக்கிறேன். "அப்ப எனக்கு மூண்டு வாக்கோ சேர்?" என்று ஒரு பட்டதாரி கேட்டார். இல்லை ராசா, ஒன்றுதான். தோசையும் இடியப்பமும் புட்டும் சேர்த்து ஒரு சாப்பாடு.

"சஜித்துக்குத்தானே விருப்பு வாக்குக் கூட விழுந்தது, பிறகெப்படி மற்றவர் வெண்டவர்?" இது அடுத்த கேள்வி. கணக்கைப் பாருங்கள். முதல் எண்ணிக்கையில் அநுரவுக்கு 5,634,915. இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. இடைவெளி 1,271,880. விருப்பு வாக்கில் அநுரவுக்கு 105,264 வந்தது, சஜித்துக்கு 167,867. ஓம், சஜித்துக்குத்தான் கூட. ஆனால் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேலான இடைவெளி 62,603ஆல் மட்டும்தான் சுருங்கியது. பந்தயத்தின் கடைசிச் சுற்றை வேகமாக ஓடியவர் எல்லாம் முதலாவதாக வருவதில்லையே. கூட்டல் கழித்தலுக்கு வெளியே இதில் ஒன்றுமில்லை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும்.

யாரும் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கணக்கு வேறு. நீங்கிய வேட்பாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து விழுந்த செல்லுபடியான வாக்கு 3,321,666. அதில் முதலிருவரில் ஒருவருக்கு மாறியது 273,131 மட்டுமே. நூற்றுக்கு எட்டு. மீதி முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் தனிப் புள்ளடியோ தனி 1ஓ இருந்தது, இல்லாவிட்டால் 2ம் 3ம் தோற்றவர்களுக்கே போயிருந்தது. இரண்டாம் சுற்றில் சொல்ல அவற்றிடம் ஒன்றும் இருக்கவில்லை. என் மேசைக்கு வந்த கட்டுகளில் தனிப் புள்ளடிதான் மலைபோலக் கிடந்தது. அதை யாரும் களவெடுக்கவில்லை. போடாததை எங்கே போய் எண்ணுவது?

இன்னொன்று, இதுதான் எனக்கு மெய்யாகவே வயிற்றெரிச்சல். அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. 2019இல் 135,452ஆக இருந்தது. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு முழு நாட்டிலும் கிடைத்ததே 226,343 என்று நினைத்துப் பாருங்கள். அதைவிடக் கூடுதலான பேர் வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மை பூசி, 39 பெயர் அச்சடித்த ஒன்றரை முழச் சீட்டை விரித்து, செல்லாத வாக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "எங்கட வாக்கை எங்கயோ சுத்திப்போட்டாங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் கையிலெடுத்த சீட்டுகளில் இரண்டு பேருக்குப் புள்ளடி இருந்தது. 1 இல்லாமல் வெறும் 2 இருந்தது. ஒன்றில் பெயர்களுக்கு மேலாக ஒரு முழு வசைப்பாட்டு. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார், ஆசிரியராக இருக்கவேண்டும். அதைக் கட்சி முகவர்களுக்குக் காட்டியபோது எல்லாக் கட்சிக்காரரும் ஒன்றாகச் சிரித்த ஒரே தருணம் அது. சீட்டு நிராகரிப்புக் கட்டுக்குப் போனது.

சந்தேகப்படுகிறவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் 1981 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலைக் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. நூலகம் எரிந்த கிழமையில் நடந்த தேர்தல் அது. கடைசி நேரத்தில் தேர்தல் அலுவலர்களை மாற்றினார்கள், வாக்குப் பெட்டிகள் சில காணாமலே போயின. அடுத்த வருடம் நடந்த சர்வசன வாக்கெடுப்பும் 1999 வடமேல் மாகாண சபைத் தேர்தலும் எப்படி நடந்தன என்பதைச் சிங்கள நண்பர்களைக் கேட்டாலே சொல்வார்கள். 2005 சனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். வென்றவருக்கும் அடுத்தவருக்கும் நாடளாவிய வித்தியாசம் 180,786 வாக்கு. அங்கே ஒருவரும் எண்ணிக்கையில் கைவைக்கத் தேவை இருக்கவில்லை, மக்கள் வாக்குச்சாவடிக்குப் போகாமல் தடுத்ததே போதுமாக இருந்தது. என் அனுபவத்தில் தேர்தலுக்குக் கேடு பெரும்பாலும் பெட்டி மூடுவதற்கு முன்னர்தான் வருகிறது. மிரட்டல், ஆள்மாறாட்டம், அரச வாகனம், அரச காசு. எல்லோரும் கண்காணிப்பதோ நள்ளிரவுக்குப் பிறகு கொழும்பில் இருக்கும் ஒரு கணினியை.

2010க்குப் பிறகு, கணினியில் முடிவை மாற்றிவிட்டார்கள் என்ற அந்தக் 'கொம்பியூட்டர் ஜில்மாட்' கதை சாகவே மாட்டேன் என்கிறது. எண்ணுவது கையால். எண்ணும் நிலையத்தில் முதலில் பெட்டியிலிருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கையை வாக்குச்சீட்டுக் கணக்கோடு ஒப்பிடுவோம். பிறகு பல நிலையங்களின் சீட்டுகளைக் கலந்துவிட்டுத்தான் பிரிப்போம். எந்தக் கிராமம் யாருக்குப் போட்டது என்று பிறகு ஒருவரும் பழிவாங்கக் கூடாது என்பதற்காகவே கலக்கிறோம். ஆகவே "எங்கட ஊர் முழுக்க அவருக்குத்தான் போட்டது, அது எங்க போனது?" என்பதற்கு எவரிடமும் பதில் இருக்காது, உங்கள் ஊர் எப்படிப் போட்டது என்பது உங்களுக்கே தெரியாது. எண்ணி முடித்த தொகை முகவர்களின் கண்ணுக்கு முன்னால் தாளில் ஏறிய பிறகுதான் கணினிக்குப் போகிறது. கணினி பிழை விட்டாலும் தாள் இருக்கிறது.

2024இல் வாக்களிப்பு நடந்த அன்றிரவு 10 மணிக்கு ஊரடங்கு போட்டார்களே, பெட்டி மாற்றத்தானே என்கிறார்கள். ஊரடங்கு போட்டது உண்மை. ஆனால் பெட்டிகள் அதற்குப் பல மணித்தியாலம் முன்பே எங்களிடம் வந்துவிட்டன. முகவர்களும் உள்ளேதான் இருந்தார்கள். இருந்தார்கள் என்றுதான் சொல்லலாம். ஒருவர் கதிரையிலேயே குறட்டை விட்டார். இன்னொருவர் விடிய விடியத் தொலைபேசியில் யாரோடோ சண்டை. மறுநாள் அதே ஆள் முகநூலில் "உள்ளே நடந்தது எங்களுக்குத்தான் தெரியும்" என்று எழுதியிருந்தார். குறட்டைக்காரர் அந்தப் பதிவுக்கு விருப்பம் போட்டிருந்தார்.

எங்கள் பக்கத்திலும் குறை இருக்கிறது. பொதுமக்களுக்குக் கிடைப்பது 160 தேர்தல் தொகுதிகளின் முடிவும் தபால் வாக்கு முடிவும்தான். ஒவ்வொரு எண்ணும் நிலையத்தின் தொகையும் இணையத்தில் வந்தால், எந்த முகவரும் தன் கையிலிருக்கும் குறிப்போடு வைத்துக் கூட்டிப் பார்த்துவிடலாம். கலந்து எண்ணுவதால் கிராமத்தின் இரகசியமும் கெடாது. இதைச் செய்யாமல் "எங்களை நம்புங்கள்" என்று மட்டும் சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. கூட்டங்களில் இதைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

சரி, அடுத்த முறைக்கு. புள்ளடி போடுவதென்றால் ஒன்றே ஒன்று, அதோடு நிறுத்துங்கள். விருப்பும் தெரிவிக்க வேண்டுமென்றால் 1, 2, 3 என்று இலக்கத்தில் போடுங்கள். இரண்டையும் கலந்து எங்களுக்குச் சோதனை வைக்காதீர்கள். பெயர், கையொப்பம், கவிதை, வசை ஒன்றும் வேண்டாம். பின்னேரம் ஐந்து மணிக்கே வட்ஸ்அப்பில் வரும் வண்ண வண்ண 'முடிவு'களை மற்றவர்களுக்குத் தள்ளிவிடாதீர்கள். அந்த நேரம் நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்போம். தபால் வாக்கு முடிவு முதலில் வரும், அதைப் பார்த்து வெடி கொளுத்தவும் வேண்டாம், அழவும் வேண்டாம். அது எங்களைப்போன்ற அரச ஊழியர்களின் வாக்கு. நாடு இனித்தான் வரும்.

கட்சிக்காரருக்குத் தனியாக: முகவர் என்று பெயருக்கு ஒரு மருமகனை அனுப்பாதீர்கள். காலையில் வெறும் பெட்டியைத் திறந்து காட்டும்போது அவர் அங்கே நிற்கவேண்டும். மூடும்போது தன் முத்திரையையும் இடவேண்டும். சீட்டில் சந்தேகமென்றால் அந்த இடத்திலேயே வாயைத் திறக்கவேண்டும், மீள எண்ணக் கேட்கலாம். அதற்கும் மேல் உயர் நீதிமன்றம் இருக்கிறது, 21 நாளுக்குள் மனுப் போடவேண்டும். சிறிமாவோ பண்டாரநாயக்க போட்டார், சரத் பொன்சேகா போட்டார். இரண்டும் தள்ளுபடியாகின என்றாலும், அவர்கள் சொன்னது சத்தியக்கூற்றாகவும் சாட்சியாகவும் பதிவில் இருக்கிறது. கையில் குறிப்பில்லாத முகவரை வைத்துக்கொண்டு எந்தச் சட்டத்தரணியும் மனு எழுதமுடியாது.

அந்திரட்டி வீட்டில் இலை எடுத்த பிறகு வங்கி அண்ணையிடம் இதில் பாதியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அப்ப அடுத்தமுறை நீங்களே எண்ணுற இடத்துக்கு முகவரா வாங்கோ அண்ணை, எந்தக் கட்சியெண்டாலும் உங்களை மாதிரிக் கணக்குத் தெரிஞ்ச ஆளை விடாது" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். வெற்றிலையை மடித்தார்.

"விடிய விடிய இருக்கோணுமே தம்பி? சாப்பாடு தருவினமோ?"